மாதத்துக்கு ஒரு தம்ளர்

எனக்கு மூக்கின் மேல் கோபம். ஆபீசில் எனக்கு வைத்திருக்கும் பெயரே பட்டாசு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போவது மூச்சக்காவைப் பற்றி. அவளோடு நான் கடைசியாகப் பேசிய பேச்சு ஒரு சண்டை.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. எந்தக் கட்டிடத்திலாவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, மணி படம் போட்ட மஞ்சள் பொத்தானை அமுக்கினால் அந்த அழைப்பு எங்கள் அறைக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் வேலை. அறை மூன்றாம் மாடியில், கட்டிடத்தின் நடு வயிற்றில் இருக்கிறது. ஜன்னல் என்ற பேச்சே இல்லை. நான்கு மேசைகள், நான்கு ஹெட்போன்கள், ஒரு தண்ணீர் கேன், எந்நேரமும் எரிகிற இரண்டு டியூப்லைட்டுகள். வெளியே மழையா வெயிலா என்று வீட்டுக்குப் போகும்போதுதான் தெரியும்.

ஒரு மேசை எனக்கு. இன்னொன்று சின்னவளுக்கு. எங்களில் இளையவள் என்பதால் அந்தப் பெயர். மற்றபடி வாய் என் அளவுக்கு நீளும். மூன்றாவது, எப்போதும் ஏதோ பாட்டை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருக்கும் முணுமுணுப்புக்கு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர். மூலையில் இருந்த நான்காவது மேசை மூச்சக்காவுடையது. பத்தொன்பது வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். "சரி, மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க. இன்னொரு தடவை," என்பாள். அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்தில் எதிர்முனையில் ஆள் அடங்கிவிடும். அதனால்தான் மூச்சக்கா. ஹெட்போனைக் கழற்றிவிட்டாலோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். சரியான கல்லுளிமங்கி. அவள் தனியாக ஓர் அறையில் இருக்கிறாள், வெளியூரில் ஒரு தம்பி இருக்கிறான், இரண்டையும் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

அவள் தானாக முன்வந்து பேசிய ஒரே விஷயம் அந்தச் செடி. மேசை ஓரத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது. ஜீஜீ செடி என்பார்கள். தடித்த தண்டு, இரண்டு பக்கமும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் பச்சை இலைகள். ஜன்னல் இல்லாத அறையில், டியூப்லைட் வெளிச்சத்தைக் குடித்தே ஒன்பது வருஷம் வளர்ந்திருந்தது. சில வருஷம் ஒரு புதுத் தண்டு விடும். சில வருஷம் அதுவும் இல்லை.

"ஆப்பிரிக்காவுல கிழக்குப் பக்கம் இதுக்குச் சொந்த ஊரு," என்று ஒருநாள் சொன்னாள். "அங்க மாசக்கணக்கா மழை இருக்காது. அதனால வேண்டியதெல்லாம் கீழ கிழங்குல சேத்து வச்சிக்கும். ரொம்பக் காஞ்சா மேல இருக்கிற இலையெல்லாம் கொட்டிட்டு, கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும். மழை வந்தா எழுந்துக்கும்."

"கிழங்குன்னா வேகவச்சு சாப்பிடலாமாக்கா?" என்று கேட்டார் முணுமுணுப்பு. அந்த மனுஷனுக்கு எப்போதும் சாப்பாட்டு நினைப்புதான்.

"சேம்புக்குச் சொந்தம்தான். ஆனா இதை வாயில வச்சா நாக்கு தடிச்சுப்போயிடும்."

"அப்ப மொதல்ல பட்டாசுக்குக் குடுங்க," என்றார். அக்கா சிரித்தாள். நான் பேப்பரைச் சுருட்டி எறிந்தேன்.

மாதத்தின் முதல் நாள் ஒரு தம்ளர் தண்ணீர். அதற்கு மேல் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அதற்கும் முன்னால் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். ஈரம் தட்டினால் அந்த மாதம் தம்ளரும் இல்லை. எங்களில் யாராவது மிச்சத் தண்ணீரோடு அந்தப் பக்கம் போனால் கையை நீட்டித் தடுப்பாள். "இதைப் பாத்துக்கணும்னு நினைக்கிறவங்கதான் இதைக் கொல்லுவாங்க. தொடாதீங்க," என்பாள்.

அவளிடம் இன்னொரு விசித்திரம். லிஃப்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் லிஃப்டில் ஏறவே மாட்டாள். மூன்று மாடியும் படிதான். போன வருஷம் ஒருநாள் காலையில் நான் படியேறி வந்தேன். எங்கள் லிஃப்டுக்குள் முணுமுணுப்பு ஏறுவதைப் பார்த்துவிட்டு, காலையிலேயே அந்தப் பாட்டைக் கேட்க வேண்டாமே என்று படிக்கு வந்திருந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கை நெஞ்சில் இருந்தது. ஊருக்கெல்லாம் மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

"ஒண்ணுமில்லாமலா இப்படி வேர்த்துக் கொட்டுது? வா, டாக்டர்கிட்ட போகலாம்."

"போன்னு சொல்றேன்ல."

போனேன். மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. எல்லோரும் இருக்கும்போது, "எத்தனை நாளா இருக்கு இது?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் ஒரு துணியால் செடியின் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்கல்லாம் உனக்கு யாரோதானே? நீ செத்தாக்கூட எங்ககிட்ட சொல்ல மாட்ட!"

முணுமுணுப்பின் பாட்டுகூட நின்றது. அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமே இல்லை. லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த இலையைத் துடைக்க ஆரம்பித்தாள். அன்று நான் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவள் வரவில்லை. பக்கத்து அறைக்காரர்கள்தான் கதவை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார்கள். நான் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. செத்தாள், எங்களிடம் சொல்லவில்லை.

தம்பி வந்தார். மேசையிலிருந்த சால்வை, சாப்பாட்டு டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். "செடியை நீங்களே வச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் பொருள் என்று அறையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

இல்லை, இன்னொன்றும் இருந்தது. அவளுடைய குரல்.

லிஃப்டில் யாராவது பொத்தானை அமுக்கியதும், நாங்கள் எடுக்கும்வரை பதிவுசெய்த ஒரு செய்தி ஓடும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அக்காவைப் பேசவைத்துப் பதிவு செய்தது. எங்கள் ஹெட்போனிலும் அது கேட்கும். நாங்கள் எடுத்ததும் நின்றுவிடும். அவள் போன மூன்றாம் நாள் நான் வேலைக்கு வந்து ஹெட்போனை மாட்டினேன். முதல் அழைப்பு. "வணக்கம், பயப்படாதீங்க," என்றாள் அக்கா என் காதுக்குள். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

அன்றிலிருந்து மேசையில் அழைப்பு விளக்கு மினுங்கியதும் பாய்ந்து பொத்தானை அமுக்கி எடுப்பேன். "வண" என்பதற்கு மேல் அவளைப் பேசவிட மாட்டேன். இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது, அழைப்பை மிக வேகமாக எடுப்பவர் என்று. சூப்பர்வைசர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக் கைதட்டினார். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம்போல இருந்தது.

செடியிடமாவது மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். வேறு யாரிடம் போய்க் கேட்பது? அது நன்றாக இருந்தால் அக்கா என்னை மன்னித்துவிட்டாள் என்று எனக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை தோறும் மற்றவர்களுக்கு முன்னால் வந்து ஒரு தம்ளர் ஊற்றுவேன். மாதத்துக்கு ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் பேசிய பேச்சுக்கு மாதத்துக்கு ஒரு தம்ளர் போதாது என்று பட்டது.

இரண்டாவது மாதம் இலை நுனிகளில் நீர் முத்துமுத்தாக நின்றது. அடிப்பக்கத்து இலைகள் மஞ்சளாயின. ஒன்பது வருஷத்தில் அந்தச் செடியில் மஞ்சளை யாரும் பார்த்ததில்லை. தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு தம்ளர் சேர்த்தேன். மஞ்சள் மேலே ஏறியது. அக்கா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். செடி காய்ந்து கிடக்குமே என்ற கவலை படுக்கையிலும் விடவில்லை. திரும்பி வந்த அன்று பையைக்கூட வைக்காமல் ஓடிப்போய் மண்ணைத் தொட்டேன். விரல் புதைந்தது. சேறு.

"யாராவது இதுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ, அக்கா தொடாதேன்னு சொன்ன செடியாச்சே. நான் ஏன் ஊத்தப்போறேன்?" என்றாள் சின்னவள்.

முணுமுணுப்பு உதட்டைப் பிதுக்கினார். சூப்பர்வைசர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினார். "நீங்க ஊத்தினீங்களா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள் சின்னவள். "நானா? நான் ஏன் ஊத்தப்போறேன்? பத்து நாளா படுத்துல்ல கிடந்தேன்," என்றேன்.

பிறகு நானே ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கவனித்தேன். மண் காயவே இல்லை. ஒவ்வொரு நாளும் புது ஈரம். ஒருநாள் காலை, சுவரைப் பார்த்துத் தள்ளிவைத்திருந்த அக்காவின் நாற்காலி செடியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இன்னொரு நாள் மேசைமேல் ஈரமான தம்ளர் வட்டம். அந்த மூலையிலிருந்து ஒரு வாடை வேறு வர ஆரம்பித்தது. மண்ணுக்குள் ஏதோ செத்துக் கிடப்பதுபோல. எல்லோருக்கும் அடித்தது. சின்னவள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொள்வாள், முணுமுணுப்பு தலையைத் திருப்பிக்கொள்வார். ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. செத்தவளின் மூலையில் நாற்றம் அடிக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அவள்தான் வருகிறாள். என்னிடம் ஒப்படைக்க மனமில்லாமல் தன் செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறாள்.

ஐந்தாம் மாதம் ஒரு பகலில், நான் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு தண்டு சத்தமில்லாமல் மேசைமேல் சாய்ந்தது. அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "போயிடுச்சும்மா. எடுத்துப் போட்டுடலாம்," என்றார். அவர் குரலும் ஒரு மாதிரி இருந்தது.

"நான் எடுத்துட்டுப் போறேன் சார்," என்றேன். குப்பையில் போட அல்ல. தெருக்கோடியில் ஒரு நர்சரி இருக்கிறது. அங்கே யார் காலிலாவது விழுந்து காப்பாற்றச் சொல்லலாம் என்று நினைத்தேன். தொட்டி நனைந்து கனத்தது, படியில் இறக்க முடியாது. லிஃப்டில் ஏறினேன். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் ஒரு குலுக்கல். விளக்கு அணைந்து, மங்கலாக வேறொரு விளக்கு எரிந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது.

லிஃப்ட் கம்பெனியின் சொந்த லிஃப்ட். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் அந்தச் செடி, மூக்கில் அந்த வாடை, கதவில் என்னுடைய நிழல். தினமும் பத்துப் பேரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்கிறவள் நான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஞ்சள் பொத்தானை அமுக்கினேன். அமுக்கிய பிறகுதான் என்ன கேட்கப்போகிறது என்பது உறைத்தது.

"வணக்கம். பயப்படாதீங்க. லிஃப்ட் கீழ விழாது. கதவைத் திறக்கப் பாக்காதீங்க. எதையும் தொடாதீங்க. அப்படியே உக்காந்துக்குங்க. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்."

மேலே எல்லோரும் வேறு அழைப்புகளில் இருந்திருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. அது மறுபடி முதலிலிருந்து ஓடியது. இந்தத் தடவை "எதையும் தொடாதீங்க" என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு கேட்டது. அவள் உயிரோடு இழுத்த மூச்சு. நான் தரையில் உட்கார்ந்து தொட்டியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"சொல்லியிருக்கலாமேக்கா," என்றேன் ஸ்பீக்கர் கம்பிவலைக்குப் பின்னாலிருந்த குரலைப் பார்த்து. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கோபத்துல சொன்னேன்க்கா. நீ இருக்கணும்னுதான் சொன்னேன்."

"நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா. "நான்" என்று ஆரம்பித்தபோது குரல் துண்டானது.

"வணக்கம், உங்க பேர் என்ன, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" சின்னவள்.

"நான்தான்டி. பட்டாசு."

"அய்யய்யோ! நம்ம லிஃப்டா? சார், பட்டாசக்கா நம்ம லிஃப்டுலயே மாட்டிக்கிட்டாங்க!" பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள் என்று தெரிந்தது. "அழாதீங்கக்கா, மெக்கானிக் வர்றாரு. மூச்சை இழுங்க."

"மூச்சு கிடக்கட்டும்டி. இந்தச் செடியைக் கொன்னது நான்தான். வாராவாரம் தண்ணி ஊத்தினேன். கேட்டப்போ பொய் சொன்னேன்."

"அக்கா," என்றாள் சின்னவள் மெதுவாக. "நான் தினமும் பாட்டில் மூடியில ஒரு மூடி ஊத்துவேன். ஒரு மூடிதானேன்னு. அந்தக் கடைசி நாள்ல அவங்க ஏதாவது சாப்பிட்டாங்களான்னுகூட நான் கேக்கலக்கா."

"காப்பி டம்ளரைக் கழுவி ஊத்துவேன்," என்றது முணுமுணுப்பின் குரல், பாட்டு எதுவும் இல்லாமல். "உரம்னு சொன்னாங்க."

அப்புறம் ஒரு செருமல். "சாயங்காலம் நீங்கல்லாம் போனப்புறம் அந்த நாற்காலியில கொஞ்சம் உக்காருவேன்மா," என்றார் சூப்பர்வைசர். "போகும்போது என் பாட்டில்ல இருக்கிற தண்ணியை ஊத்திட்டுப் போவேன். போன வருஷம் ரெண்டு நாள் லீவு கேட்டா. நான் குடுக்கல."

நான் லிஃப்டுக்குள், அவர்கள் மூவரும் மேலே. ஒன்பது வருஷம் மாதம் ஒரு தம்ளரில் உயிரோடு இருந்ததை, நான்கு பேர் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஐந்து மாதத்தில் மூழ்கடித்திருந்தோம். முதலில் யார் சிரித்தது என்று ஞாபகமில்லை. மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்ததைப் பார்த்து, "இவங்களுக்கு உள்ள ஏதாவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டாராம்.

அன்று அக்காவின் மேசையில் பேப்பர் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தோம். கிழங்குகள் கையில் எடுத்ததுமே கூழாக வழிந்தன. சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். அடியில் ஒன்று மட்டும், சின்ன உருளைக்கிழங்கு அளவு, கெட்டியாக இருந்தது. ஒட்டியிருந்த அழுகலை நான் கத்தியால் சீவினேன். அதன் சாறு பட்டு இரண்டு நாள் கை அரித்தது. ஒரு வாரம் காற்றில் காயவிட்டு, மணலும் பொடிக்கல்லும் கலந்த காய்ந்த மண்ணில், சின்ன மண் தொட்டியில் வைத்தோம். நர்சரிக்காரர் பார்த்துவிட்டு, முளை இருந்தால் வரும், இல்லாவிட்டால் இப்படியே கிடக்கும், எதுவானாலும் மாதக்கணக்கில் தெரியாது என்றார்.

ஏழு மாதம் ஆகிறது. தொட்டியில் மண் மட்டும்தான். மாதத்தின் முதல் நாள் வந்தால் ஒருவர் விரலை விட்டுப் பார்க்கிறோம், மற்ற மூவரும் அந்த ஆள் ஒரு தம்ளருக்கு மேல் ஊற்றாமல் காவல் நிற்கிறோம். போன வாரம் சின்னவள் கேட்டாள்.

"உசுரோட இருக்கா இல்லையான்னு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாது. அது சொல்லாது," என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

நேற்று சூப்பர்வைசர் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"என்னம்மா, சான்றிதழ் வாங்கின ஆளு நீங்க. இப்பல்லாம் அழைப்பை எடுக்க ரொம்ப நேரம் ஆகுதுன்னு மேல இருந்து கேக்கறாங்க. என்ன சொல்றது?"

விளக்கு மினுங்கியது. நான் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னேன்.

"அக்கா பேசிட்டிருக்காங்க சார். முடிக்கட்டும்."